கூடி வாழ வழி கண்ட எம்பெருமானார்



பாடலாத்ரி என்னும் இக்குன்றைக் குடைந்து எழுப்பிய சந்நிதியிலே, நெற்றிக்கண்ணோடு எழுந்தருளியிருக்கும் நரஸிம்ஹனை ஸேவித்து, குன்றையே பிரதக்ஷிணமாகச் சுற்றி வந்து இளைப்பாறும் அன்பர்கள், இத்திருத்தலம் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கிருந்து ஒரகடம் வழியாகச் செல்லும் சாலை ஸ்ரீபெரும்பூதூரில் சென்று சேர்கிறது. தெற்கே செங்கற்பட்டைக் கடந்து சென்றால் மதுராந்தகம். முன்னது ஸ்வாமி ராமாநுஜர் அவதரித்த ஊர். பின்னது, ஏரி காத்த ராமன் திருக்கோயிலில் மகிழ மரத்தடியிலே பெரிய நம்பி அவருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளிய ஊர். ஆகவே இந்த உத்ஸவ மலரில் அம்மஹானுடைய சரிதத்தைச் சிறிது அநுபவிப்பது பொருத்தமேயாகும்.

1017-ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில், ஆஸூரி கேசவ ஸோமயாஜிக்கும் காந்திமதி அம்மைக்கும் திருக்குமாரராய் அவதரித்தார் என்பது ஸம்பிரதாயம். தாய்மாமனான திருமலை நம்பி சூட்டிய திருநாமம் இளையாழ்வார். யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றதும், ஆசிரியர் சொன்ன பொருளை மாணாக்கர் மறுத்ததும், அதனால் விளைந்த பகையும், விந்திய வனத்தில் வேடனும் வேடுவிச்சியுமாய்ப் பெருமாளும் பிராட்டியும் வந்து காத்ததும் யாவரும் அறிந்தவை. அவற்றை விரிக்க வேண்டுவதில்லை.

இளம் வயதிலேயே அவருக்கு வாய்த்த ஓர் இக்கட்டைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். தேவப்பெருமாளுக்கு ஆலவட்டக் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியைச் சேர்ந்தவர்; அந்தணர் அல்லர். அவர் அமுது செய்த சேஷத்தைத் தாம் உண்டு உய்ய வேண்டுமென்று இளையாழ்வார் ஆசைப்பட்டு, அவரைத் தம் அகத்துக்கு எழுந்தருளப் பிரார்த்தித்தார். நம்பிகளோ இளையாழ்வார் இல்லாத சமயம் பார்த்து வந்து, அமுது செய்து, விரைந்து சென்றுவிட்டார். தர்மபத்தினியான தஞ்சமாம்பாள் எஞ்சியதை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, நீராடி, கணவருக்கு வேறாகத் தளிகை செய்து வைத்தார். திரும்பி வந்து கண்ட இளையாழ்வார் மனம் நொந்தார். கதை சொல்லுவோர் பலர் இவ்விடத்தில் அவ்வம்மையாரைக் கடுமையாகப் பேசுவது வழக்கம். அது சற்று அதிகமென்றே அடியேனுக்குத் தோன்றும். ஊரும் உறவும் எதைக் கற்பித்தனவோ அதை அவர் செய்தார். ஊருக்கு மாறாக எண்ணியவர் அவர் கணவர் ஒருவரே. தாம் ஒருவர் மட்டும் தெளிந்தால் போதாது, தம் வீட்டு அடுக்களையே தம்மோடு வரவில்லை என்ற உண்மை அன்று இளையாழ்வாருக்குப் புலப்பட்டிருக்க வேண்டும். பின்னர் அவர் இல்லறம் துறந்து துறவறம் மேற்கொண்டார். ஆயினும் துறவியாகித் தனிக்குகை எதையும் நாடவில்லை. முதலியாண்டானும் கூரத்தாழ்வானும் உடன்வர, ஜனத்திரள் மிகுந்த திருவரங்கத்துக்கே எழுந்தருளினார்.

திருக்கோட்டியூர் வரலாறு நம் குழந்தைகளுக்கும் தெரியும். பதினெட்டு முறை நடந்து, நம்பியிடம் ரஹஸ்யார்த்தம் பெற்று, அதைப் பிறருக்குச் சொல்லலாகாது என்ற ஆணையையும் பெற்றார். அடுத்து, திரண்டிருந்த அடியார் அனைவருக்கும் அதை வெளியிட்டார். கோபுரத்தின் மீதேறிக் கூவி அழைத்தார் என்பது உலகப் பிரசித்தம். ஆணையை மீறிய அவர், மீறவில்லை என்று சாதிக்கவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. ஆசார்யன் திருமுன்பு நின்று, தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் இத்தனை பேர் உய்வார்களே என்று விண்ணப்பித்தார். ஸம்பிரதாயத்தை விட்டு வெளியேறுவது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். அவரோ உள்ளே நின்று, குற்றத்தையும் அதன் தண்டனையையும் தாமே ஏற்றுக்கொண்டார். நம்பி அவரைத் தழுவி, எம்பெருமானார் என்று பெயரிட்டருளினார்.

இனி, அதிகம் பேசப்படாத திறவுகோல் விஷயத்துக்கு வருவோம். திருவரங்கத்தில் கோயில் நிர்வாகமும் திறவுகோலும் பெரிய கோயில் நம்பி என்பவர் கையில் பரம்பரையாக இருந்தன. நிர்வாகத்தைச் சீர்செய்ய உடையவர் முற்பட்டபோது நம்பிக்கு அது பிடிக்கவில்லை. அரச பலத்தைக் கொண்டோ சீடர் கூட்டத்தைக் கொண்டோ அவரை அகற்றியிருக்கலாம். உடையவர் அவ்வாறு செய்யாமல் கூரத்தாழ்வானை அவரிடம் பழக அனுப்பினார். காலம் சென்றது. நம்பியின் தாயார் பரமபதித்தபோது, ஏகாஹச் சடங்கில் உண்ண ஓர் அந்தணர் தேவைப்பட்டார். எவரும் எளிதில் இசையாத அவ்விடத்தில் ஆழ்வான் சென்று அமர்ந்தார். சடங்கின் முடிவில் உண்டவர் திருப்தி என்று சொன்னால்தான் கர்மம் நிறைவெய்தும். என்ன வேண்டும் என்று நம்பி கேட்க, ஆழ்வான் கேட்டது கோயில் திறவுகோல். அதுவும் கொடுக்கப்பட்டது. திறவுகோலை இழந்த நம்பி உடையவரை விட்டு விலகவில்லை. திருவடிகளில் ஆச்ரயித்து, திருவரங்கத்தமுதனார் ஆனார். அவர் அருளிய இராமாநுச நூற்றந்தாதி நூற்றெட்டுப் பாசுரங்களும் இன்றும் நம் திருக்கோயில்களில் அநுஸந்திக்கப்படுகின்றன. எதிர்த்தவரைத் தோற்கடிக்காமல் தம்மவராக்கிக் கொண்ட சாமர்த்தியம் இது.

கோயில் பணிகளைப் பத்துக் கொத்துகளாக வகுத்து, அவரவர்க்கு உரிய கைங்கர்யத்தை நிர்ணயித்தார் என்று கோயிலொழுகு கூறுகிறது. காவிரியில் நீராடச் செல்லுகையில் முதலியாண்டானைப் பற்றிச் செல்லும் உடையவர், நீராடித் திரும்புகையில் மல்லரான பிள்ளை உறங்காவில்லி தாஸரின் கையைப் பற்றி வருவார். அந்தணச் சீடர்கள் சிலர் முகம் சுளித்தனர். இச்சீர்திருத்தங்களால் மனம் கொதித்தவர்களும் ஊரில் இருந்தனர். ஒருநாள் அவருடைய பிக்ஷையில் நஞ்சே கலக்கப்பட்டது என்றால் எதிர்ப்பின் கடுமையை உணரலாம். பெரிய நம்பி, தாழ்ந்த குலத்தவரென்று ஊரார் ஒதுக்கிய மாறனேரி நம்பிக்குத் தம் கையாலேயே சரம கைங்கர்யம் செய்தபோது, ஊரார் பெரிய நம்பியையே விலக்கி வைத்தனர்.

ஆயினும் உடையவர் நினைத்ததெல்லாம் நடந்தேறியது என்று எழுதினால் அது சரித்திரமாகாது. ஜகந்நாத க்ஷேத்திரத்தில் பாஞ்சராத்ர முறையை நிலைநாட்ட விரும்பினார். அங்குள்ள அர்ச்சகர்கள் இசையவில்லை. பெருமாளே இரவோடிரவாக அவரை ஸ்ரீகூர்மத்தில் கொண்டு சேர்த்துவிட்டார் என்பர். திருவனந்தபுரத்திலும் அவ்வாறே நேர்ந்து, திருக்குறுங்குடியில் கண்விழித்தாராம். தம் திருமேனியைத் தொட்டுவந்த பழைய பணியாளரைப் பெருமாள் கைவிடவில்லை என்று இதைப் பெரியோர் அநுபவிப்பர். உலகமே போற்றும் ஓர் ஆசார்யனுக்குக் கிடைத்த இத்தோல்விகளை நம் முன்னோர் மறைக்காமல் எழுதி வைத்தது எத்துணை பெருமை! திருமலையிலோ வைகானஸ முறையே தொடர்ந்தது. அதை அவர் மாற்றவில்லை.

சோழ மன்னனால் நேர்ந்த துன்பத்தில் கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். பெரிய நம்பி பரமபதித்தார். உடையவர் மேல்நாடு சென்று, ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே எழுந்தருளியிருந்தார். திருநாராயணபுரத்தில் செல்வப்பிள்ளையைக் கொண்டுவருவதற்குத் துணைநின்ற தாழ்த்தப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து, ஆண்டில் மூன்று நாட்கள் அவர்கள் கோயிலுக்குள் வந்து ஸேவிக்க வழிசெய்தார். மூன்று நாட்கள்தானா என்று இன்றைய வாசகர் கேட்பர். நியாயமான கேள்வியே. மீதி நாட்களின் கதவு திறக்க எண்ணூறு ஆண்டுகள் ஆயின; சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் பிறந்தது 1939-ல்தான். ஆனால் அம்மூன்று நாட்களை வழங்கியவர், ஊராரையும் உடன் இசைவித்தே வழங்கினார். ஆகையால் அவருக்குப் பின்னும் அவ்வழக்கம் அழியவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பூரியில் அவர் அறிந்திருந்தார் அல்லவா?

ஸ்ரீபாஷ்யம் முதலான ஒன்பது கிரந்தங்களை அருளி, எழுபத்து நான்கு ஸிம்ஹாஸனாதிபதிகளை நியமித்து, ஸம்பிரதாயம் தம் ஒருவரோடு முடியாதபடி செய்தார். 1137-ஆம் ஆண்டு திருவரங்கத்தில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, முன்னே ஆசார்யனான பெரிய நம்பியின் பாதுகைகள் இருந்தன. திருமுடி எம்பார் மடியிலும், திருவடிகள் வடுக நம்பி மடியிலும் இருந்தன.