பிரான்சிஸ் டே (மீனியலாளர்)

பிரான்சிஸ் டே (மார்ச் 2, 1829 – ஜூலை 10, 1889) ஒரு பிரித்தானிய மருத்துவரும் மீனியலாளரும் ஆவார். இந்திய மீன்களை விரிவாக வகைப்படுத்தியமைக்காக அறியப்படுகிறார். 17ஆம் நூற்றாண்டில் சென்னைப் பட்டணம் உருவாகக் காரணமாக இருந்த பிரான்சிஸ் டே வேறொருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

இங்கிலாந்தின் சசெக்சில் பிறந்த டே, 1852இல் சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்தார். பின்னர் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளராகப் பணியாற்றினார். மீன்கள் முட்டையிட ஆற்றில் மேலேறுவதை அணைக்கட்டுகள் தடுப்பதையும், சிறுகண் வலைகளால் குஞ்சுகள் அழிவதையும் ஆராய்ந்து, 1873இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். இந்திய மீன்கள் பற்றிய இவரது பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதிகளாக வெளியானது.

நீலகிரியில் டிரவுட் மீன்

சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீனைத் தூண்டில் விளையாட்டுக்காக நீலகிரியில் வளர்க்க, 1863இலும் 1866இலும் டே முயன்றார். முட்டைகள் கெடாதிருக்கக் குளிர்ந்த நீர் இன்றியமையாதது. கப்பலோ வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து வரவேண்டியிருந்தது. அம்முயற்சிகளால் டிரவுட் மீன் நீலகிரியில் நிலைபெறவில்லை.

டே இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் வானவில் டிரவுட் அங்கு நிலைபெற்றது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. வட அமெரிக்கத் தூண்டிற்காரர்கள் ஸ்டீல்ஹெட் என அழைப்பது, கடலுக்குச் சென்று ஆற்றுக்குத் திரும்பும் இதே இன மீனையே ஆகும்.