ஜி. டி. நாயுடுவின் காரும் எங்கள் மண்ணெண்ணெய்க் கார்களும்

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. இளவயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் றட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டார். அதை வாங்குவதற்காக ஹோட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்தார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பார்த்து, திரும்பவும் பூட்டினார். அவர் படித்த பொறியியல் அதுதான்.

1990களை யாழ்ப்பாணத்தில் கழித்தவர்களுக்கு இப்படியான மனிதர்களைத் தெரியும். சந்திக்குச் சந்தி கராஜ்களில் அவர்களை நானும் கண்டிருக்கிறேன்.

1920இல் நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து யூ.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாரைத் தயாரித்தார். சவர இயந்திரம், மலிவு விலை வானொலி என்று அவருடைய கை தொடாத துறை குறைவு. 1945இல் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப் பெரும் பங்காற்றினார். பொறியியலை நீண்ட வருடங்கள் படிப்பது காலவிரயம் என்பதே அவருடைய எண்ணம்.

1952இல் இரண்டு பேர் இருக்கக்கூடிய பெற்றோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை. தயாரிப்பு அதோடு நின்றது.

அதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இளைஞர்கள் பழைய போர்ட் கார்களின் கூரையையும் மட்காட்டையும் கழற்றி, பாரத்தைக் குறைத்து, வலுவான எட்டுச் சிலிண்டர் இயந்திரம் பூட்டி, வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டினார்கள். அவற்றை ‘ஹொட் றொட்’ என்றார்கள். அந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கமே அமைந்தது. இன்றும் அந்தக் கார்களைத் தேடிப்பிடித்துத் திருத்துகிறார்கள். யார் கட்டியது என்று பெயரோடு எழுதிவைக்கிறார்கள்.

எங்கள் கார்களையும் கழற்றி மாற்றினார்கள். ஆனால் வேகத்துக்காக அல்ல, நின்றுவிடாமல் ஓடுவதற்காக. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் எட்டாப் பொருளானதும், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இயந்திரங்களில் அமுக்கம் குறைவு என்பதால் அவை தாக்குப்பிடித்தன. புகை கக்கிக்கொண்டு ஓடிய அந்தக் கார்களில்தான் பிள்ளைத்தாய்ச்சிகளும் காயப்பட்டவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாப்பிள்ளை ஊர்வலமும் அவற்றில்தான். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு சில கார்கள் கொட்டில்களிலேயே நின்றுவிட்டன. பிறகு பழைய இரும்பாகப் போயின.

நாயுடு 1974 ஜனவரி 4இல் காலமானார். யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஜனவரி 10இல் மாநாட்டுக் கூட்டத்தில் நடந்த உயிரிழப்புகள் எங்கள் நினைவை நிறைத்துவிட்டன. கோயம்புத்தூரிலோ அவருக்குக் கண்காட்சிக்கூடம் இருக்கிறது. அவருடைய குடும்பத்தார் பழைய கார்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் நடத்துகிறார்கள். நின்றுபோன கார் முயற்சி கூட அவருடைய வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

எங்கள் கராஜ்காரர்களின் கார்கள் வருடக்கணக்காக ஓடின. அதற்கு எவருடைய அனுமதிப்பத்திரமும் இருக்கவில்லை. எழுத்திலும் பதிவு இல்லை. ஒருசிலர் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். காபரேட்டரில் எதை மாற்றினார்கள், உதிரிப்பாகத்துக்கு எதைக் கடைந்தார்கள், இயந்திரம் இறுகிப்போனால் என்ன செய்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதலாம். ஓடாத ஒரு ஏ40ஐயாவது, அதைத் திருத்தியவரின் பெயர்ப்பலகையோடு, இந்த மண்ணில் நிறுத்திவைக்கலாம். இரண்டுக்கும் பெரிய காசு தேவையில்லை. ஆனால் அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.