ஊர் வளர்ந்தால் ஏற்றத்தாழ்வு குறையுமா? தென்காசிக்கும் பொருந்தும் குஸ்நெட்ஸ் கணக்கு

தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறை. 2011ல் ஸோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் திறந்தது. லேப்டாப் பையோடு இளைஞர்கள் பைக்கில் போகிற அந்த வட்டாரத்தில்தான், வீட்டுத் திண்ணையில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொஞ்சம் தள்ளி குற்றாலத்தில், சாரல் விழுகிற சில மாத வியாபாரத்தை நம்பி வருஷம் முழுக்க ஓட்டுகிற கடைக்காரர்கள்.

ஊருக்கு நல்ல வேலை வந்தது நல்லதுதானே? அப்புறம் ஏன் இடைவெளி கூடின மாதிரி தெரிகிறது? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் சைமன் குஸ்நெட்ஸ்.

1901ல், இப்போது பெலாரஸில் இருக்கும் பின்ஸ்க் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கார்கிவில் படித்தார். அங்கே இளம் வயதில் எழுதிய கட்டுரையே ஆலைத் தொழிலாளர்களின் சம்பளம் பற்றியதுதான். 1922ல் அமெரிக்கா போய், 1926ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அடுத்து வந்தது பெருமந்தம். நாடு எவ்வளவு இழந்திருக்கிறது என்று சொல்ல அமெரிக்க அரசிடம் முழுமையான கணக்கே இல்லை. அதைப் போட்டுக் கொடுத்தவர் குஸ்நெட்ஸ். 1929க்கும் 1932க்கும் நடுவில் தேசிய வருமானம் பாதிக்கும் கீழே போயிருந்தது என்று 1934ல் செனட்டுக்குத் தந்த அறிக்கை காட்டியது. இன்று நாம் பேசுகிற ஜிடிபிக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். இந்த எண்ணை வைத்து மக்களின் நல்வாழ்வை அளக்கக் கூடாது என்று அதே அறிக்கையில் எச்சரித்தவரும் அவரே. எண்ணை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் இது இன்னொரு முறையும் நடந்தது.

1955ல் வெளியான கட்டுரையில்தான் நம்ம விஷயம் வருகிறது. வருமான வரிப் பதிவுகளை அலசிய அவர், 1913 முதல் 1948 வரை அமெரிக்காவில் மேல்தட்டின் பங்கு குறைந்ததைப் பார்த்திருந்தார். வளரும் நாடுகளுக்கு அவர் எடுத்துக்கொண்டது இந்தியா, இலங்கை, போர்ட்டோ ரிக்கோ. இந்தியாவில் 1949-50ல் மேல்மட்ட 20 சதவீதத்தினர் கையில் சுமார் 55 சதவீத வருமானம். அமெரிக்காவில் அது 44. ஏழை நாட்டில்தான் ஏற்றத்தாழ்வு அதிகம்.

ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணத்தை நம்ம ஊர்க் கணக்காகவே பார்க்கலாம். ஒரு தெருவில் 10 பேர், ஆளுக்கு மாசம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியே இல்லை. ஒருவருக்கு 40,000 ரூபாய் வேலை கிடைக்கிறது. யாருடைய கூலியும் குறையவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஏற்றத்தாழ்வு பிறந்துவிட்டது. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் போகும்போது இன்னும் ஏறுகிறது. ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீட்டைப் போட்டுப் பார்த்தால், மூன்று பேர் போன இடத்தில் உச்சம். நாலாவது ஆள் கிளம்பும்போது இறங்கத் தொடங்கும். பத்துப் பேரும் போய்விட்டால் பழையபடி பூஜ்யம்.

ஏறி இறங்குகிற இந்தக் கோட்டுக்குத்தான் பின்னாளில் குஸ்நெட்ஸ் வளைவு என்று பெயர் வைத்தார்கள். பொறுத்திருங்கள், வளர்ச்சி வந்தால் தானாகச் சரியாகும் என்று சொல்ல இது பலருக்கு வசதியாகப் போனது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. தன் கட்டுரையில் ஆதாரம் 5 சதவீதம்தான், மீதி 95 சதவீதம் ஊகம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். சேமிப்பு முழுக்க மேல்தட்டில் குவிவதால் இடைவெளி கூடிக்கொண்டே போகலாம் என்றும், அதைத் தடுத்ததில் வரிகளுக்கும் சட்டங்களுக்கும் பங்கு உண்டு என்றும் எழுதினார். அவர் பார்த்த அந்தச் சரிவுக்கே உலகப் போர்களும் பெருமந்தமும் பெரிய காரணம் என்று பிறகு தாமஸ் பிக்கெட்டி வாதிட்டார்.

தெருக் கணக்கில் நாலாவது ஆள் தானாகக் கிளம்ப மாட்டார். பீடி சுற்றும் அம்மாவின் மகள் பிளஸ் டூவோடு நிற்காமல் இருக்க வேண்டும், அல்லது பிளஸ் டூ போதும் என்று யாராவது பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்க வேண்டும். ஸோஹோ தென்காசியில் அப்படி ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. ஆனால் ஒரு கம்பெனியில் எத்தனை நாற்காலி போட முடியும்? வெளியே இருக்கிற ஆறேழு பேரின் கூலி ஏறுவதும் அதே அளவுக்கு முக்கியம்.

1971ல் நோபல் பரிசு பெற்ற குஸ்நெட்ஸ், 1985 ஜூலையில் காலமானார். 1980களின் தொடக்கத்தில் இந்திய வருமானத்தில் உச்சத்தில் இருக்கும் 1 சதவீதத்தினரின் பங்கு சுமார் 6 சதவீதம். பிக்கெட்டி உள்ளிட்டோர் 2024ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23ல் அது 22.6 சதவீதம்.