மின்சாரத்தை எடைபோட்ட மேதை மைக்கேல் பாரடே



சைக்கிளின் கைப்பிடி ஏன் பளபளவென்று மின்னுகிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? உள்ளே இருப்பது வெறும் இரும்பு. மேலே இருப்பது மெல்லிய முலாம். கவரிங் சங்கிலியும் அப்படித்தான். உள்ளே செம்பு, மேலே பேருக்குத் தங்கம். இந்த முலாமை யாரும் தூரிகை கொண்டு பூசுவதில்லை. மின்சாரமே உலோகத்தைக் கொண்டுவந்து ஒட்டவைக்கிறது. எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு உலோகம் ஒட்டும் என்று உலகத்துக்குக் கணக்குச் சொன்னவர் ஒரு கொல்லரின் மகன். அவர்தான் மைக்கேல் பாரடே.

1791 செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் உடல்நலம் குன்றியவர். பல நாள் பட்டறைக்குப் போக முடியாது. 1801-இல் தானிய விலை ஏறியபோது பையனுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்தது. படிப்பு? எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான். 1804-இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தார். மறு ஆண்டு அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பழக 7 ஆண்டு ஒப்பந்தம்.

பிள்ளையைச் சின்ன வயதிலேயே வேலைக்கு அனுப்பிவிட்டோமே என்று மனம் நொந்த பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. பாரடேக்கு வாய்த்த முதலாளி நல்லவர். கட்ட வந்த புத்தகத்தைப் பையன் உட்கார்ந்து படித்தால் அவர் அதட்டவில்லை. கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியும், ஜேன் மார்செட் அம்மையாரின் வேதியியல் நூலும் அப்படிக் கைக்கு வந்தவைதாம். அறிவியல் சொற்பொழிவு கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொடுத்தது யார் தெரியுமா? கொல்லு வேலை பார்த்த அண்ணன் ராபர்ட்!

1812-இல் அந்த இளைஞர் என்ன செய்தார் தெரியுமா? 7 அரைப்பென்னிச் செப்புக் காசு, அதே அளவில் வெட்டிய 7 துத்தநாகத் தகடு, நடுநடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த காகிதம் 6. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மின்கலம் தயார்! அதன் கம்பிகளைப் பேதியுப்புக் கரைசலில் விட்டார். கம்பியைச் சுற்றிக் குமிழ் கிளம்பியது. இரண்டு மணி நேரத்தில் தெளிந்த நீர் கலங்கிப்போனது. ஆமாம், வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுப்பார்களே, அதே பேதியுப்புதான். மின்சாரம் அதைப் பிரித்துப் போட்டுவிட்டது.

அந்த ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். மின்சாரத்தால் பொட்டாசியம், சோடியம் ஆகிய உலோகங்களை 1807-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் டேவி. கேட்டதையெல்லாம் எழுதி, தம் கையாலேயே அட்டை கட்டி அவருக்கு அனுப்பினார் பாரடே. 1813 மார்ச்சில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை.

சுகவாழ்வு என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆண்டு டேவி தம்பதியரோடு ஐரோப்பியப் பயணம் போனபோது வேலைக்காரன் செய்யவேண்டிய வேலையெல்லாம் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி இவரை ஆளாகவே மதிக்கவில்லை. பிறகு 1824-இல் ராயல் சொசைட்டிக்கு இவர் பெயர் வந்தபோது, தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார்! தூக்கிவிட்ட கையே இழுத்துப் பிடித்தால் மனம் எவ்வளவு வேதனைப்படும்? ஆனாலும் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். டேவியைப் பற்றிப் பின்னாளிலும் மரியாதையாகவே பேசினார்.

1831-இல் காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் வழியை அவர் கண்டது எல்லாரும் அறிந்த கதை. நாம் முலாம் கதைக்கு வருவோம். மயில்துத்தக் கரைசலில் ஒரு செப்புத் தகட்டையும் ஒரு பித்தளைச் சாவியையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தகட்டை மின்கலத்தின் நேர்முனையிலும் சாவியை எதிர்முனையிலும் இணைத்தால், தகட்டிலிருந்து செம்பு கரைந்து கரைசலுக்குள் போகும். கரைசலிலுள்ள செம்பு சாவிமேல் படியும். எவ்வளவு படியும்? 1830-களில் பாரடே அளந்து பார்த்தார். பாய்ந்த மின்சாரம் இரண்டு மடங்கானால் படியும் உலோகமும் இரண்டு மடங்கு. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஒரு கிராம் ஹைட்ரஜனைப் பிரிக்கும் அதே அளவு மின்சாரம் சுமார் 32 கிராம் செம்பையும் 108 கிராம் வெள்ளியையும் படியவைக்கும். பெரிய கணிதம் படிக்காத மனிதர் கண்ட கணக்கு இது! நம் பாடநூலில் வரும் அயனி என்ற சொல்லின் மூலமும் 1834-இல் அவர் வெளியிட்ட சொற்களில் ஒன்று. 1840-இல் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் வெள்ளி முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன்பின் வெள்ளிக் கரண்டியின் பளபளப்பு நடுத்தர வீடுகளுக்கும் வந்தது.

நம் மண்ணுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சிங்கப்பூரிலிருந்து 1843-இல் டாக்டர் மாண்ட்கோமரி லண்டனுக்கு அனுப்பிய தாபான் மரத்துப் பால், அதாவது கட்டாபெர்ச்சா, மின்சாரத்தைக் கசியவிடாது என்று 1848-இல் எழுதியவர் பாரடேதான். நாம் சீவும் ரப்பர் மரம் வேறு, அது வேறு. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அந்தப் பாலே உறையானது.

சர் பட்டம் வேண்டாமென்றார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியும் வேண்டாமென்றார். ஆனால் கிறிஸ்துமஸ் காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல மட்டும் ஆண்டுக்கணக்கில் மேடையேறினார். கடைசிக் காலத்தில் ஞாபகம் மங்கியது. 1867 ஆகஸ்ட் 25-ஆம் நாள் காலமானார். அரசர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஹைகேட் மயானத்தில் இருக்கும் கல்லில் அவர் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் பொறித்திருக்கின்றன.