யோன் கூல்ட்டும் கங்காருச் சித்திரங்களும்

இங்கிலாந்தின் கடற்கரையூர் ஒன்றில், 1804ஆம் ஆண்டில், தோட்டக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் யோன் கூல்ட். உயர்கல்வி பெற்றாரல்லர். இறந்த பறவைகளைப் பாடம் பண்ணி வைப்பதே அவர் தொழில். 1827இல் இலண்டன் விலங்கியற் சங்கம் அவரை அப்பணியில் அமர்த்திற்று.

அவருடைய நூல்களைப் பார்ப்போர் அவரைப் பெரும் ஓவியர் என எண்ணுவர். உண்மை அதுவன்று. அவர் கீறியவை பெரும்பாலும் மாதிரிக் கோடுகளே. ஆரம்ப நூல்களில் அவற்றைச் சித்திரமாக்கிக் கல்லில் வரைந்தவர் மனைவி எலிசபெத். 1838இல் அம்மாது மூன்று இளங் குழந்தைகளைத் தம் தாயாரிடம் விட்டு, மூத்த மகனோடு கணவரைத் தொடர்ந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். 1840இல் திரும்பினார், மறு வருடமே பிரசவத்தின் பின் காலமானார். வயது 37.

கங்காரு முதலாகக் குட்டியை வயிற்றுப் பையிற் சுமக்கும் பிராணிகள் நிறைந்த 'அவுஸ்திரேலியாவின் பாலூட்டிகள்' என்னும் நூலைக் கூல்ட் 1845 முதல் 1863 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். படங்கள் 182. அவற்றைப் பெரும்பாலும் வரைந்தவர் றிக்டர் என்பவர். கல்லச்சில் ஒற்றிய கோடுகளுக்குப் பிரதிதோறும் தூரிகையால் வர்ணந் தீட்டியோர் கூலிக்கு அமர்ந்தவர்கள். புகழோ கூல்ட் ஒருவருக்கே போயிற்று!

முதுகில் வரிகொண்ட தஸ்மேனியப் புலியும் அந்நூலில் உண்டு. குடியேற்றம் பெருகின் அவ்வினம் அழியுமெனக் கூல்ட் அங்கேயே எச்சரித்தார். அவர் 1881இல் மறைந்தார். ஆட்டு மந்தைக்காரர் முறையிட, 1888 முதல் அரசாங்கமே அதன் தலைக்கு விலை வைத்தது. 1936 யூலையில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவ்வருடம் செப்டெம்பர் 7இல், அறியப்பட்ட கடைசிப் பிராணி ஹோபார்ட் மிருகக்காட்சிச் சாலையில் இறந்தது.