நடந்தார், பாடினார், அடுப்பு மூட்டினார்!

நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் வடலூர். அங்கே சத்திய ஞான சபையை அமைத்தவர் வள்ளலார் என்னும் இராமலிங்க அடிகள். அவருடைய பாட்டை எல்லோரும் அறிவார்கள். அவர் பெரிய நடைக்காரர் என்பது பலருக்குத் தெரியாது.

1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி மருதூரில் அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் இறந்துவிட்டார். பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. ஏழுகிணறு வீராசாமி தெருவில் குடியிருந்தார்கள்.

அண்ணன் சபாபதி, தம்பியைப் படிக்க அனுப்பினார். தம்பியோ கந்தகோட்டத்துக்கு நடந்தார். முருகன் முன்னால் நின்று பாடினார். சிறுவனின் பாட்டைக் கேட்டவர்கள் வியந்தார்கள்.

ஒற்றியூர்ப் பாதை

வளர்ந்த பிறகு திருவொற்றியூர்க் கோவிலுக்கு அடிக்கடி போய்வந்தார். வீட்டிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தூரம். நடந்தே போவார், நடந்தே திரும்புவார். இரவு வெகுநேரம் ஆகிவிடும். வழியெல்லாம் சிந்தனைதான் துணை. வடிவுடை மாணிக்க மாலை, அந்த ஊர் அம்மன்மீது அவர் பாடியதே!

நடந்தால் கற்பனை பெருகுமா? பெருகும் என்கிறது விஞ்ஞானம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2014-ம் ஆண்டு முடிவு வெளியானது. உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதுப்புது யோசனைகள் அதிகம் வந்தன. ஆனால், ஒரே விடையுள்ள கேள்விகளுக்கு நடை கைகொடுக்கவில்லை.

பசியைக் கண்டார்

சென்னையை விட்ட வள்ளலார், வடலூருக்கு அருகே கருங்குழியில் தங்கினார். அங்கிருந்து சிதம்பரம் போய்வந்தார். வண்டியில் விரைபவன் கண்ணுக்குச் சாலைதான் தெரியும். நடப்பவன் கண்ணுக்கு வாடிய பயிர் தெரியும். ஒட்டிய வயிறும் தெரியும். பயிர் வாடினால் தாமும் வாடிய மனம் அவருடையது. மனிதன் பட்டினி கிடந்தால் அது பொறுக்குமா?

பாட்டோடு நிற்காமல், பசிக்கு வழி தேடினார். வடலூர்ப் பகுதி மக்கள் நிலம் கொடுத்தார்கள். 1867-ம் ஆண்டு மே 23-ந் தேதி சத்திய தருமச்சாலை தொடங்கியது. சாதி, மதம் கேட்காமல் சோறு போட்டார்கள். திருவருட்பா அச்சில் வந்ததும் அதே ஆண்டுதான்.

1874-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போனார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அன்று அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. மாலையில் குழந்தைகளோடு சிறிது தூரம் நடந்து பாருங்கள். மனதில் புது எண்ணம் பிறக்கும். அதில் ஒன்றாவது அடுத்தவர் பசிக்கு உதவினால், அந்த நடைக்குப் பலன் கிடைத்துவிட்டது!