பெத்லகேமைத் தமிழில் பாடிய கவிராயர்

டிசம்பர் மாதம் பிறந்ததும் வட்டவடை, மூணாறு மலைப்பகுதிகளில் குளிர் மிகும். கிறிஸ்துமஸ் விழா நெருங்க, கிறித்தவர் இல்லங்களில் காகித விண்மீன்கள் ஒளிரும். புத்தாடையும் பலகாரமும் சிறுவர்க்கு இன்பம் தரும். பெரியோருடன் வீடு வீடாகச் சென்று பாடுவது அதனினும் பேரின்பம். இவ்வின்பத்தைத் தமிழ்ப் பண்ணில் பாட வழிவகுத்தோருள் சிறந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

இவர் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் தேவசகாயமும் புலவரே. நெல்லைக்கு வந்த ஜெர்மானியச் சமயத்தொண்டர் சுவார்ட்ஸ், சிறுவரின் அறிவுக்கூர்மையைக் கண்டு, தந்தையின் இசைவுடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 12. உற்றாரைப் பிரிந்து அயலூரில் வாழ்ந்தபோதும் அவர் கல்வியில் சிறந்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸிடம் பயின்றவரே. சாஸ்திரியார் தரங்கம்பாடியிலும் கற்று, தஞ்சையில் ஆசிரியரானார்.

ஏறத்தாழ 1800ஆம் ஆண்டில் அவர் 'பெத்லகேம் குறவஞ்சி' என்னும் இசை நாடகத்தை இயற்றினார். மலைவளம் பாடிக் குறி சொல்லும் குறத்தியை நம் குறவஞ்சி நூல்களில் காண்கிறோம். அந்தக் குறத்தியையே அவர் பெத்லகேமில் பிறந்த இயேசுவைப் பற்றிப் பாட வைத்தார். தாம் கற்ற புவியியலையும், கோள்கள் கதிரவனைச் சுற்றுகின்றன என்னும் வானியலையும் அந்நூலில் சேர்த்தார்.

பிற்காலத்தில் வந்த ஐரோப்பியச் சமயத்தொண்டர் சிலர், மொழிபெயர்ப்புப் பாடல்களை ஐரோப்பிய மெட்டில் பாடுவதையே விரும்பினர். தமிழ்ப் பாடல்களை விலக்க முற்பட்டனர். சாஸ்திரியார் அதற்கு இணங்கவில்லை. தமிழர் தம் மகிழ்ச்சியைத் தமிழிசையில் பாடுவது தகும் என வாதிட்டார். இதுவும் இன்னும் சில கருத்து வேறுபாடுகளும் முற்றியதால் தம் பணியை இழந்தார். எனினும், பாடுவதை நிறுத்தவில்லை. மன்னர் சரபோஜி அவரை ஆதரித்தார்.

சுவிசேஷக் கவிராயர் எனப் போற்றப்பட்ட அவர், 1864ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் தம் 90ஆம் அகவையில் மறைந்தார். அவர் பாடல்களைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் தமிழர் இன்றும் பாடுகின்றனர். மாணவர்களே! எந்த ஊரில் வாழ்ந்தாலும், எந்த விழாவைக் கொண்டாடினாலும், தாய்மொழியில் ஒரு பாடலேனும் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். அது நீங்கள் செல்லுமிடமெல்லாம் உடன் வரும்.

அருஞ்சொற்பொருள்
பண் – இசை
இசைவு – சம்மதம்
அகவை – வயது

விடை எழுதுக
1. குறவஞ்சியில் குறத்தியின் பணி யாது?
2. சாஸ்திரியார் எதற்கு இணங்க மறுத்தார்? ஏன்?
3. உம் வீட்டில் விழா நாளில் பாடும் தமிழ்ப் பாடல் ஒன்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.